பதின்பருவப் பெண்களின் அந்தரங்கமும் காப்பாளர் ஒப்புதலும்: இந்தியக் கருக்கலைப்புச் சட்டத்தை முன்வைத்து

முன்னுரை

மருத்துவரிடம் கூறுவது வெளியே செல்லாது என்னும் நம்பிக்கையே நோயாளியைத் தயக்கமின்றிப் பேசவைக்கிறது. கருவுற்ற, 18 வயது நிறையாத பெண்ணுக்கு இந்நம்பிக்கை எந்த அளவு சட்டக் காப்புப் பெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காப்பாளர் ஒப்புதல்

மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே போதும் என்று கூறும் இச்சட்டம், அவ்வயது நிறையாதவருக்குக் காப்பாளரின் எழுத்துவழி ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது (பிரிவு 3(4)). 'பெற்றோர்' என்னாது 'காப்பாளர்' என்று சுட்டுவது கருதத்தக்கது. சிறாரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் காப்பாளர் என்பது இச்சட்டத்தின் வரையறை. எனவே, பேத்தியை வளர்க்கும் பாட்டியும் காப்பாளராகலாம்.

தெரிவிக்கும் கடமையும் மறைகாப்பும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி (போக்சோ, 2012), 18 வயது நிறையாதவருடனான பாலுறவு, அவர் இசைந்திருப்பினும், குற்றமாகும். அதனை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும் (பிரிவு 19). தவறினால் 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மருத்துவரும் இதற்கு விலக்கல்லர். மறுபுறம், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம், சட்டம் அனுமதித்தவர் தவிரப் பிறரிடம் பெண்ணின் பெயரை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. விரும்பிப் பழகியவர்மீது வழக்குப் பாயும் என அஞ்சும் 17 வயதுப் பெண், மருத்துவமனையைத் தவிர்த்துத் தகுதியற்றவரை நாடும் ஆபத்து இவ்விடத்தில்தான் எழுகிறது.

2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு

உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையில், 29.09.2022 அன்று இவ்விரு சட்டங்களையும் இணக்கமாகப் பொருள்கொண்டது. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தரவேண்டும். ஆயினும், பெண்ணும் காப்பாளரும் வேண்டிக்கொண்டால், பெண்ணின் பெயரையும் அடையாளத்தையும் அதில் குறிப்பிட வேண்டியதில்லை. பின்தொடரும் குற்ற வழக்கிலும் இவ்விலக்கு மருத்துவருக்கு உண்டு.

முடிவுரை

இத்தீர்ப்பு காவல்துறைக்கு எதிரே அந்தரங்கத்தைக் காத்தது; வீட்டுக்குள் அன்று. பெயரை மறைக்கும் வேண்டுகோளுக்கும் காப்பாளர் உடன்பட்டாக வேண்டும். இங்கிலாந்தின் கில்லிக் வழக்கு (1985), 16 வயது நிறையாதவரும் போதிய புரிதல் பெற்றிருப்பின் பெற்றோர் அறியாமலே கருத்தடை ஆலோசனை பெறலாம் என்றது. கருக்கலைப்பு ஒப்புதலுக்கு இந்தியச் சட்டம் கொள்ளும் அளவுகோல் வயது மட்டுமே, புரிதலன்று. காப்பாளரே அச்சத்தின் காரணமாக இருக்கும் பெண்ணுக்கு இவ்வளவுகோல் சிகிச்சையின் வாயிலை அடைத்துவிடக்கூடும். நீதிமன்ற விளக்கம் எட்டாத அவ்விடைவெளி சட்டத் திருத்தத்தால் நிரப்பப்பட வேண்டியதாகும்.