உஷார்! உங்கள் ஆபீஸ் டேட்டா யார் வழியாகப் போகிறது?

அடுத்த அறையில் இருக்கும் சர்வரில் ஒரு ஃபைலைப் போட கால் மணி நேரம் ஆகிறதா? "நெட் ஸ்லோ" என்று இணைப்பு கொடுத்த கம்பெனியைத் திட்டிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஆபீஸுக்குள்ளேயே நடக்கும் காப்பிக்கும் வெளி இணைப்புக்கும் சம்பந்தமே இல்லை. டேட்டா உள்ளேயே எங்கோ சுற்றிப் போகக்கூடும். சுற்றவிடுவது யார் என்று இன்றைக்கே பாருங்கள்.

மாடியில் சிக்னல் வரவில்லை என்று யாரோ ஒருவர் வீட்டிலிருந்து பழைய வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரில் இருக்கும் நெட்வொர்க் பாயின்ட்டில் செருகிவிடுவார். அதை வான் போர்ட்டில் செருகியிருந்தால், அந்த வைஃபையைப் பிடித்த லேப்டாப் எல்லாம் அந்த டப்பாவைத் தாண்டித்தான் சர்வருக்குப் போக வேண்டும். டப்பாவின் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குச் சுமார் 11 எம்பிதான் போகும். 10 ஜிபி ஃபைலுக்குக் கால் மணி நேரம். அதே ஃபைல் ஜிகாபிட் கேபிளில் நேராகப் போனால் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

லேன் போர்ட்டில் செருகியிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அந்த டப்பாவில், ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி பெரும்பாலும் ஆனில் இருக்கும். காலையில் கம்ப்யூட்டர் எழுந்ததும் "எனக்கு ஓர் ஐபி முகவரி வேண்டும்" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். முதலில் பதில் சொல்பவரையே பெரும்பாலும் நம்பிவிடும். கேட்வே எது, டிஎன்எஸ் எது என்பதும் அதே பதிலில் வந்து இறங்கும். சொன்னது அசல் ரவுட்டரா, அந்நியனா என்று கம்ப்யூட்டர் விசாரிப்பதில்லை. 1997-இல் எழுதிய விதிமுறை இன்றும் அதே நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய டப்பா என்றால் பாதிப் பேருக்கு நெட் நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். கெட்ட எண்ணத்தோடு ஒருவன் செருகினால்தான் பயப்பட வேண்டும். தன் பெட்டியையே கேட்வே என்று அறிவித்து, வருவதை எல்லாம் அசல் ரவுட்டருக்குத் தள்ளிவிடுவான். மெயில் வரும், பில் போடலாம், எல்லாம் நடக்கும். கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். விபிஎன் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. 2024 மே மாதம் வெளிவந்த டன்னல்விஷன் ஓட்டை இதைத்தான் காட்டியது: டிஹெச்சிபியின் 121-ஆம் ஆப்ஷன் வழியாகத் தனி ரூட் திணித்தால், திரையில் விபிஎன் "கனெக்டட்" என்றே காட்டும், டேட்டாவோ அதற்கு வெளியே போகும். ஆண்ட்ராய்டு அந்த ஆப்ஷனைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் தப்பித்தது.

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை "ஆல்" சேர்த்து ஓட்டுங்கள். டிஹெச்சிபி சர்வர், டிஃபால்ட் கேட்வே என்ற இரண்டு வரிகளையும் நன்றாக இருக்கும் இன்னொரு சிஸ்டத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு சர்வர் முகவரிக்கு ட்ரேஸ்ரூட் ஓட்டுங்கள். ஒரே சப்நெட் என்றால் ஒரே ஒரு வரிதான் வர வேண்டும். இரண்டு வந்தால் நடுவில் யாரோ இருக்கிறார்கள். முகவரி ஒன்றாகவே இருந்தாலும் விடாதீர்கள்: அசல் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் எண்ணையும் ஆர்ப் கட்டளை காட்டும் பட்டியலில் வரும் கேட்வேயின் மேக் எண்ணையும் பொருத்திப் பாருங்கள். ரவுட்டரின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மேக் எண் கடைசி இலக்கத்தில் மட்டும் மாறலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். முழுக்க வேறாக இருந்தால் ஸ்விட்ச்சில் ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி ஆளைப் பிடியுங்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் இருந்தால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை ஆன் செய்யச் சொல்லுங்கள். இந்தத் திருட்டுப் பதில்களை அது வாசலிலேயே தடுத்துவிடும்.

டப்பாவைக் கழற்றியதோடு வேலை முடியாது. அது கொடுத்த முகவரி லீஸ் தீரும்வரை கம்ப்யூட்டரிலேயே இருக்கும், ஆகவே ஒவ்வொன்றிலும் ரிலீஸ், ரின்யூ கொடுங்கள். "என்னுடையது" என்று யாரும் சொல்லாத பெட்டி என்றால் ரீசெட் செய்யாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அப்படியே எடுத்து வைத்துவிட்டு, எல்லோருடைய பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றுங்கள்.