ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாத படிப்பு

மனித ஸ்டெம் செல்லுக்கு ஞாயிறும் தெரியாது, கிறிஸ்துமஸும் தெரியாது. 37 டிகிரி சூட்டில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றில், இன்குபேட்டருக்குள் வளரும் அதற்குப் பொதுவாக நாள்தோறும் ஊட்டக் கரைசலை மாற்றியாக வேண்டும். தவறினால் செல்கள் சாகலாம். சாகாமல் தப்பினால் இன்னும் தொல்லை; யாரும் கேட்காமலே வேறு வகைச் செல்லாக உருமாறத் தொடங்கிவிடும்.

உயிரியல் பட்டதாரிக்கு இதெல்லாம் பாடமாகத் தெரியும். கைதான் பழகியிருக்காது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் ஸ்டெம் செல் உயிர்த்தொழில்நுட்பத்தில் பட்டத்துக்குப் பின் படிக்கும் குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளும் ஆய்வகப் பயிற்சிகளும்.

இத்தகைய பயிற்சி எப்படி உருவானது என்பதற்குக் கலிபோர்னியா நல்ல உதாரணம். மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் 1998-இல் பிரித்தெடுத்தார். 2001 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் புஷ், அதுவரை உருவாகியிருந்த செல் வரிசைகளுக்கு மட்டுமே மத்திய அரசுப் பணம் என்று கதவைப் பாதி சாத்தினார். கலிபோர்னியா மக்கள் சும்மா இருக்கவில்லை. 2004 நவம்பரில் வாக்களித்து, மாநிலமே கடன் பத்திரம் மூலம் 300 கோடி டாலர் திரட்ட வழிசெய்தார்கள். இந்த முயற்சிக்கு முன்னின்ற ராபர்ட் க்ளைன் விஞ்ஞானி அல்ல. சர்க்கரை நோயுள்ள ஒரு மகனின் தந்தை.

பணம் வந்தது, ஆய்வகங்கள் எழுந்தன. அங்கே செல்லை வளர்க்க ஆள் வேண்டுமே! 2009-இல் 'பிரிட்ஜஸ்' திட்டம் தொடங்கியது. பெரிய ஆய்வகம் இல்லாத மாநிலப் பல்கலைக்கழகங்கள், பாசடீனா சிட்டி காலேஜ் போன்ற சமுதாயக் கல்லூரிகள் ஆகியவற்றின் மாணவர்களை உதவித்தொகையோடு முன்னணி ஆய்வகங்களுக்கு அனுப்பும் திட்டம். நோயாளிகளைச் சந்திப்பதும் பயிற்சியில் அடக்கம். 2020-இல் இன்னொரு 550 கோடி டாலருக்கும் வாக்காளர்கள் சம்மதித்தார்கள், இம்முறை மயிரிழையில்.

பயிற்சியின் ஆரம்பம் பார்க்கச் சப்பென்றிருக்கும். திறந்த தட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் வேலை செய்வது எப்படி? செல்லை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்கு எப்படிக் கொண்டுசெல்வது? மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். செல் சுவர் இல்லாததால் அதனிடம் பென்சிலின் பலிக்காது. சாதாரண நுண்ணோக்கியில் தட்டுப்படாது, கரைசலும் கலங்காது. சோதித்தால்தான் உண்டு, சோதிக்காத ஆய்வகம் மாதக்கணக்கில் பொய்யான முடிவுகளை நம்பிக்கொண்டிருக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதும் பாடம்தான்; நாம் செய்ததைப் பிறரும் செய்துபார்த்து உறுதிசெய்ய முடிய வேண்டும். 2014-இல் ஜப்பானிலிருந்து, அமிலக் கரைசலில் நனைத்தாலே சாதாரணச் செல் ஸ்டெம் செல்லாகிவிடும் என்று 'நேச்சர்' இதழில் கட்டுரைகள் வந்தன. மற்றவர்கள் செய்துபார்த்தார்கள், வரவில்லை. சில மாதங்களில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

பழகிய கைகளால் என்ன ஆகும் என்பதற்கு வேலூருக்குப் போனால் போதும். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் கடுமையாக இருந்த ஐந்து பேரின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களில் மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தினார்கள் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் முடிவு வெளியானது.

சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: செல் வளர்ப்பு அறையில் என் கையால் எத்தனை வாரம் வேலை செய்வேன்? பதில் வெறும் வீடியோ வகுப்பு என்றால் வேறு இடம் பாருங்கள். மூட்டு வலிக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் ஊசி போடக் கற்றுத்தருகிறோம் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, அனுமதிக்கப்பட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர மற்றவை ஆய்வு நிலையில் இருப்பவையே.