தோளில் அமர்ந்த வேதாளம்



சென்ற கோடை விடுமுறைக்கு விக்கிரமங்கலம் வந்திருந்த என் பேத்தி, பருமனான ஆங்கில நாவல் ஒன்றை என்னிடம் நீட்டி, “படித்துவிட்டுச் சொல்லுங்கள், தாத்தா” என்றாள். அமெரிக்க எழுத்தாளராகிய ஸ்டெபனி மேயர் அம்மையார் எழுதிய ‘ட்வைலைட்’ வரிசையின் முதல் நூல் அது. 2005 முதல் 2008 வரை நான்கு பாகங்களாக வெளிவந்து, பல நாட்டு இளைஞர்களின் உள்ளங்களைக் கவர்ந்த கதை. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி, இரத்தம் குடிக்கும் காட்டேரி இனத்து இளைஞன்மீது காதல் கொள்கிறாள்.

என் மனம் இரண்டுபட்டது. பலர் விரும்புவதாலேயே ஒரு நூல் சிறந்ததாகிவிடாது. தொடங்கினால் நான்கு பாகங்களையும் முடித்தாக வேண்டுமே என்ற மலைப்பும் எழுந்தது. ஆயினும், படியாமலே பழிப்பது தகாது என்று வகுப்பறையில் பல்லாண்டு போதித்தவன் நான்.

அப்போது நம் வேதாளக் கதைகள் நினைவுக்கு வந்தன. 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதைக்கடலில் அவை உள்ளன. தமிழில் வழங்கிய வேதாளக் கதையைப் பாபிங்டன் என்பார் 1831இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டார். 1870இல் ரிச்சர்டு பர்ட்டன், இந்திய வேதாளக் கதைகளுக்குத் தாம் இட்ட ஆங்கிலத் தலைப்பில் வேதாளத்தைக் காட்டேரி என்றே குறித்தார். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ வெளிவந்தது அதன்பின், 1897இல்தான். நம் வேதாளமோ பிணத்துள் புகுந்து பேசுவது. கதை சொல்வதே அதன் தொழில்.

முருங்கை மரத்திலிருந்து இறக்கிய வேதாளத்தை விக்கிரமாதித்தன் தோளில் சுமக்கிறான். அது கூறும் கதையைக் கேட்கிறான். ஆனால் கதை முடிந்தவுடன் ஒரு கேள்வி பிறக்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடித்துவிடும். கதையின் இன்பத்தை நுகர்ந்தவன் தீர்ப்பும் கூறியாக வேண்டும்.

இந்த எண்ணத்துடன் நூலைத் தொடங்கினேன். எட்வர்டு என்னும் அவ்விளைஞனும் அவன் குடும்பத்தாரும் மனித இரத்தத்தை விலக்கி, விலங்குகளின் இரத்தத்தால் உயிர் வாழ்கின்றனர். இயல்பான வேட்கையை அடக்கும் அம்முயற்சி என்னைக் கவர்ந்தது. ஆனால், அவன் இரவில் அப்பெண்ணின் அறைக்குள் அவளறியாமல் நுழைந்து, அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். அது என்னை உறுத்தியது.

“இது அன்பா, அத்துமீறலா?” என்று பேத்தியைக் கேட்டேன். “அன்புதான்” என்றாள் உடனே. மறுநாட் காலை அவளே வந்து, “அவளைக் கேட்டுவிட்டல்லவா வந்திருக்க வேண்டும்?” என்றாள். நேரே பேச நான் கூசியிருந்த ஒரு செய்தியை, அந்நாவல் எங்கள் இருவரையும் பேச வைத்தது.

மாணவர்களே, விருப்பமும் தயக்கமும் ஒருங்கே எழும் நூலைக் கண்டு அஞ்ச வேண்டா. வேதாளத்தைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள்; கதை முடிந்ததும் அதன் கேள்விக்கு விடை கூறுங்கள். இரண்டாம் பாகத்தை நானே பேத்தியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.