செவ்வாத்தூர்ப் பாறையும் கதிரியக்கமும்

ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டில் நிற்போர், தம் காலடியிலுள்ள பாறை அசைவற்றது என்றே எண்ணுவர். அப்பாறையிலும், அதன்மேற் படிந்த மண்ணிலும், அம்மண்ணில் விளையும் சாமையிலும் பொட்டாசியம் உண்டு. அதன் அணுக்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்டவை பொட்டாசியம் 40 எனும் வகையின. அவை ஓயாது சிதைகின்றன. சோறுண்டு வாழும் நம் உடலினுள்ளும் வினாடிதோறும் நாலாயிரத்திற்கு மேற்பட்ட அணுக்கள் இவ்வாறு சிதைகின்றன. கதிரியக்கம் என்றதும் அணுகுண்டை மட்டுமே நினைந்து நடுங்குவோர் இதனை முதற்கண் அறிதல் நலம்.

அணுக்கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் செறிந்துள்ளன. அவற்றின் அளவு தம்முள் பொருந்தாதவிடத்துக் கரு நிலைகொள்ளாது. கதிர்களை உமிழ்ந்து வேறொரு தனிமமாக மாறும். 1896இல் பெக்கரல் இதனை யுரேனிய உப்பில் கண்டார். கதிரியக்கம் எனும் பெயர் 1898இல் கியூரி இணையர் இட்டது.

உமிழப்படும் கதிர்கள் மூவகைப்படும். ஆல்பா என்பது ஈலியத்தின் அணுக்கரு. ஒரு தாளே அதனைத் தடுத்துவிடும். ஆயின் மூச்சுவழியோ உணவுவழியோ உட்புகுந்தால் பெருந்தீங்கு விளைக்கும். பீட்டா என்பது விரைந்தோடும் எதிர்மின்னி. சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு அதற்குப் போதும். கருவினுள் எதிர்மின்னியே இல்லையே, அஃது எங்கிருந்து வந்தது என மாணவர் வினவுதல் இயல்பு. நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும்போது அது பிறக்கிறது. இம்மாற்றத்தை நிகழ்த்தும் மெல்விசையும் மின்காந்த விசையும் ஒன்றன் இரு தோற்றங்களே என நிறுவியமைக்காக அப்துஸ் சலாம், கிளாஷோ, வைன்பெர்க் ஆகிய மூவரும் 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். காமா என்பது ஒளியினத்தது. அதனைத் தணிக்கத் தடித்த ஈயமோ கற்காரைச் சுவரோ வேண்டும்.

எந்த அணு எப்போது சிதையும் என எவராலும் கூறவியலாது. ஆயினும் கோடானுகோடி அணுக்களில் பாதி சிதையும் காலம் மாறாதது. அதுவே அரை ஆயுட்காலம். யுரேனியம் 238க்கு அது 447 கோடி ஆண்டுகள். எட்டு ஆல்பாவும் ஆறு பீட்டாவும் உமிழ்ந்து, இறுதியில் அஃது ஈயமாகி அமைதியுறும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் கார்பனடைட்டு எனும் அரிய பாறை உள்ளது. அதிலுள்ள பைரோகுளோர்க் கனிமத்தில் யுரேனியம் உண்டு. அப்பாறையின் ரூபிடியம், ஈயம் முதலியவற்றை அளந்தோர் அதன் வயது ஏறத்தாழ 77 கோடி ஆண்டுகள் எனக் கணித்தனர். அத்துணைக் காலத்திலும் அந்த யுரேனியத்தில் நூற்றுக்குப் பதினொரு பங்களவே சிதைந்திருக்கும். இறைவனின் படைப்பில் இத்தகைய கடிகாரங்களும் உள!

கோபால்ட் 60இன் அரை ஆயுட்காலமோ ஐந்தேகால் ஆண்டு. அதன் காமாக் கதிர் புற்றுநோய்க்கு மருந்தாகிறது. வெளியிலிருந்து இக்கதிர் பெற்ற நோயாளியின் உடல் கதிர் வீசாது. அவரை உறவினர் ஒதுக்கிவைத்தல் அறியாமை. அதே கோபால்ட் கொன்றதும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் பயன்படாது கிடந்த கருவியொன்று 2010இல் ஏலத்தில் விற்கப்பட்டு மாயாபுரி பழைய இரும்புக் கடைகளை அடைந்தது. உள்ளிருப்பது யாதென அறியாத தொழிலாளர் அதனைப் பிரித்தனர். பலர் பாதிப்புற்றனர், ஒருவர் இறந்தார். வாங்கிய நாற்பதாண்டுகளில் அதன் வீரியம் இருநூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தும் நேர்ந்த கேடு இது.

பழைய இரும்பு வாணிகத்தில் நம்மவர் பலர் உளர். நடுவில் ஒரு புள்ளியும் சுற்றிலும் மூன்று இதழ்களும் கொண்ட சின்னம் பொறித்த கனத்த ஈயக்கலம் கடைக்கு வருமாயின், அதனை வெட்டாது, ஆட்களை விலக்கி, உடனே காவல் நிலையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும்.