சலாகைக்கு ஓய்வு கொடுத்த கதிர்

வில்ஹெல்ம் ரொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். இரண்டே ஆண்டுகளில் அது போர்முனைக்குப் போய்விட்டது. இந்தியாவின் வடமேற்கு எல்லையில், 1897-98 திரா படையெடுப்பின்போது, இராணுவ வைத்தியர் வால்டர் பீவர் தூண்டற் சுருளையும் கண்ணாடிக் குழாயையும் மலைநாட்டுக்குக் கொண்டுபோய், காயப்பட்டோரின் உடலில் தங்கிய சன்னங்களைப் படம் பிடித்தார். குழாய்க்குள் பாயும் இலத்திரன்கள் உலோகத்தில் மோதும்போது பிறக்கும் இந்தக் கதிர் தசையை எளிதில் கடக்கும். எலும்பில் ஓரளவு தடைப்படும். ஈயத்தைத் தாண்டப் பெரிதும் திணறும். அதனால் அன்றைய வலுக்குறைந்த கருவிக்குக்கூடச் சன்னம் தப்பவில்லை. எங்கே வெட்டுவது என்று காட்டியதற்காகவே இக்கருவியைப் புகழ்வது வழக்கம். வெட்டாமல் விடும் துணிவைத் தந்ததே அதன் பெரிய உதவி என்பேன்.

அதற்கு முன் சன்னத்தைத் தேடியவை சலாகையும் விரலும்தான். 1881 இல் சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் காயத்தை வைத்தியர்கள் கழுவாத விரல்களால் துழாவினார்கள்; சீழ் பிடித்து, இரண்டரை மாதத்தில் அவர் இறந்தார். கிருமிநாசினிகளும் உறையிட்ட சிறு சன்னங்களும் வந்தபின் துழாவும் தேவை குறைந்துவிட்டதே, கதிருக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கிருமிநாசினி சந்தேகத்தைப் போக்காது. கையைக் காயத்துக்குள் விடவைப்பது சந்தேகமே. 1898 இல் சூடானின் ஒம்டுர்மான் சண்டையில் காயப்பட்ட 121 பிரித்தானியரில் 21 பேருக்கு, சன்னம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதே வழமையான முறைகளில் தெரியவில்லை. இருவர் மிதிக்கும் சைக்கிளால் டைனமோவைச் சுழற்றி மின்கலங்களுக்கு மின்னேற்றிய பட்டர்ஸ்பி என்ற வைத்தியர், அவர்களில் 20 பேருக்குக் கதிரால் விடை கண்டார். மற்றவர் நுரையீரல் காயத்தால் பரிசோதனையைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை.

கருவி சண்டைக்களத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்ததே என்பது இன்னொரு மறுப்பு. அது என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. அவசரமாக வெட்ட வேண்டியதில்லை என்றால் படமும் காத்திருக்கலாம். ஸ்பெயினுடனான போரில் கருவியைப் பயன்படுத்திய அமெரிக்க இராணுவத்துக்காக வில்லியம் போர்டன் 1900 இல் எழுதிய அறிக்கையும், கருவிக்கு உரிய இடம் பின்னணி ஆஸ்பத்திரியே என்றது. முதலாம் உலகப் போர் தொடங்கிய 1914 இல் இந்தக் கணக்கு மாறியது. எறிகணைச் சிதறல்கள் சேற்றையும் துணியையும் உள்ளே இழுத்துச் சென்றன; தசை அழுகத் தொடங்குமுன் அவற்றை எடுத்தாக வேண்டும். மேரி கியூரி எக்ஸ் கதிர்க் கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றி, அதன் எஞ்சினாலேயே டைனமோவை ஓட்டி, போர்முனையருகே கொண்டுபோனது அதனால்தான்.