குடியை நிறுத்தக் கூட்டத்துக்குப் போகலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

டாஸ்மாக் கடைக்கு வழி கேட்டால் தெருவில் யாரும் சொல்வார்கள். குடியை விட்டவர்கள் கூடும் இடத்துக்கு வழி கேட்டால் பக்கத்துக் கட்டடக்காரருக்கே தெரிந்திருக்காது. ‘ஏஏ’ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. பங்குச் சந்தைக்காரர் பில் வில்சன், அறுவை சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய, குடியை விட விரும்புவோர் கூடும் அமைப்பு அது. இன்று தமிழ்நாட்டிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏஏவின் இந்திய இணையதளத்தில் தேடலாம். போதை மீட்பு மையங்களிலும், மனநலப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளிலும் இருக்கும் ஆலோசகர்களைக் கேட்பது அதைவிட எளிது. போதை மீட்புக்கான 14446 என்ற இலவச உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, கூட்டம் இன்று உண்டா, தமிழிலா ஆங்கிலத்திலா, ‘திறந்த’ கூட்டமா ‘மூடிய’ கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம். மூடியது, குடிப் பிரச்சினை தனக்கு உண்டு என்று நினைப்பவர்களுக்கு மட்டும். ஊரில் கூட்டமே இல்லையென்றால் ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

பட்டப்பகலில் கடை வாசலில் நிற்கும்போது வராத கூச்சம் கூட்டம் நடக்கும் இடத்தின் மாடிப்படி ஏறும்போதுதான் வருகிறது. உள்ளே இருக்கும் தெரிந்தவரும் உங்களைப் போலவே வந்தவர்தான். ஆதார் கேட்பதில்லை, முழுப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பெண்களுக்கு இந்தத் தயக்கம் பல மடங்கு. முன்கூட்டியே பேசி, பெண்கள் வரும் குழு எது என்று கேட்டுப் போவது நல்லது.

அங்கே நான் பேசியாக வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிப்பார். எப்படிக் குடித்தேன், என்ன இழந்தேன், எப்படி நிறுத்தினேன் என்று சொல்லி உட்காருவார். இடைமறித்து யாரும் அறிவுரை சொல்வதில்லை. அடுத்தவர் முறை வரும். உங்கள் முறை வரும்போது “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்றால் போதும். உறுப்பினராகவும் ஒரே தகுதிதான்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். குடித்துவிட்டு வந்தாலும் பெரும்பாலும் விரட்ட மாட்டார்கள்; பேசாமல் கேட்கச் சொல்வார்கள்.

கட்டணம் எவ்வளவு?

கிடையாது. டீச்செலவுக்கும் வாடகைக்கும் ஒரு பை சுற்றி வரும், விரும்பினால் போடலாம். வெளியாரின் நன்கொடையை ஏஏ வாங்குவதில்லை.

கூட்டம் சர்ச் வளாகத்தில் நடக்கிறதே, மதப் பிரசாரமா?

இல்லை. குறைந்த வாடகைக்கு அறை கிடைக்கும் இடம், அவ்வளவுதான். ஆனால் குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மை. ‘அவரவர் புரிந்துகொண்டபடி’ என்ற ஒட்டும் கூடவே வருகிறது. நாத்திகருக்கு முதலில் உறுத்தத்தான் செய்யும். அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நாத்திகர்களும் உண்டு.

நாளைக்கே நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாமா?

கவனம் தேவைப்படும் இடம் இது. தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றே நிறுத்துபவர்களுக்கும், கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. பக்தியைக் குறை சொல்லவில்லை. உடம்புக்கு மாலை தெரியாது. முதலில் மருத்துவரைப் பாருங்கள். கூட்டம் மருத்துவமனை அல்ல, அங்கே மருந்தும் கிடையாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை “இனி வேண்டாம்” என்று சக உறுப்பினர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பலன் உண்டா, வெறும் பேச்சா?

2020-ல் வெளிவந்த காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. அவற்றில் பங்கேற்றவர்கள் சுமார் 10,500 பேர். ஏஏ வழியிலும், ஏஏவுக்கு முறையாக அறிமுகப்படுத்தும் சிகிச்சையிலும் சென்றவர்களில், ஓராண்டு கழித்து முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். மற்றச் சிகிச்சைகளில் அது 35. மந்திரம் இல்லை, ஆனால் காசில்லாமல் கிடைக்கும் ஒன்றுக்கு இது பெரிய எண்தான். இடையில் வழுக்கி மறுபடி குடித்தவர்களும் கூட்டத்துக்கு வருபவர்களுக்குள் உண்டு. திரும்பி வந்தால் குடிக்காத நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், கதவு சாத்தப்படாது.

வீட்டில் குடிப்பவர் வரமாட்டேன் என்கிறார், நான் என்ன செய்வது?

நீங்கள் போங்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951-ல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் தனியாக இருக்கின்றன. பில் வில்சனின் மனைவி லோயிஸும் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். குடிப்பவர் எப்போது திருந்துவார் என்பதைவிட, அவரோடு வாழும் நீங்கள் எப்படித் தூங்குவது, கடனை எப்படிச் சமாளிப்பது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதுதான் அங்கே பேச்சு. ‘அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று விளம்பரம் செய்யும் பொடிகளைச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அவற்றில் டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருக்கலாம்; அது உடம்புக்குள் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதைச் சாப்பிடுபவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும்.

ஒருமுறை போனேன், பிடிக்கவில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் வயதானவர்களே இருப்பார்கள், இன்னொன்றில் பிரார்த்தனை அதிகமாக இருக்கும். வேறு கிழமையில், வேறு பேட்டையில் நடப்பதைப் பாருங்கள். அப்படியும் ஒத்துவராவிட்டால், மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் தொடர்ந்து போவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.