பிலிப்பைன்சு நாவல்களில் நினைவும் தன்னடையாளமும்

அயலார் ஆட்சியினின்று விடுபட்ட நாடு தன் பழமையைத் தேடுதல் இயல்பு. ஆயின், அப்பழமை யாருடைய பழமை என்னும் வினா எளிதில் விடை பெறுவதன்று. பிலிப்பைன்சு நாட்டு நாவலாசிரியர் இருவரைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

1565 முதல் இசுபானியர் ஆண்ட அந்நாடு, 1898-இல் தன் விடுதலையைத் தானே சாற்றியும், அமெரிக்கர் ஆட்சிக்கு உட்பட்டு, இடையே சப்பானியர் கைப்பட்டு, 1946-இலேயே தன்னாட்சி எய்தியது. ஓசே ரிசால் 1887-இல் வெளியிட்ட நாவல் இசுபானிய மொழியில் அமைந்தது. பின்வந்தோர் பள்ளியில் பயின்றதோ ஆங்கிலம். எனவே, பாட்டன் காலத்து நூலைப் பேரன் மொழிபெயர்ப்பில் படிக்க நேர்ந்தது. 1956-இல் ரிசாலின் நூல்களைப் பயிற்றுதல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டமை, அறுந்த நினைவை மீண்டும் இணைக்கும் முயற்சி எனலாம்.

நிக் வாக்கீன் (1917–2004) எழுதிய 'இரு கொப்பூழ் உடைய பெண்' (1961) என்னும் நாவல் இவ்வறுதியையே பொருளாகக் கொண்டது. புரட்சிப் படையில் போரிட்ட மான்சன் என்பார், நாடு விடுதலை பெறும்வரை திரும்புவதில்லை என உறுதி பூண்டு ஆங்காங்கில் வாழ்கிறார். மணிலாவில் உள்ள மூதாதையர் இல்லத்தைப் பற்றிக் கூறிக்கூறியே தம் மக்களை வளர்க்கிறார். ஈற்றில் அவர் திரும்பியபோது அவ்வில்லம் போரில் அழிந்து கிடந்தது. அவர் உள்ளமும் உடன் இடிந்தது. தனக்குக் கொப்பூழ் இரண்டு எனக் கூறும் கானி என்னும் பெண்ணை, இரு வேறு தாயர்க்கிடையே தடுமாறும் நாட்டின் குறியீடாகக் கொள்ளலாம்.

எனினும், அவ்வில்லம் மேற்குடி மக்களின் இல்லம். நினைந்து வருந்த இல்லமே இல்லாத உழவர் எதனை நினைப்பர்? இவ்வினாவைச் சியோனில் ஓசேயின் (1924–2022) 'ரொசாலெசு' வரிசை நாவல்கள் ஐந்தும் எழுப்புகின்றன. 1962-இல் வந்த நாவலில், அமெரிக்காவிற் கற்ற அந்தோனியோ சாம்சன் தன் பாட்டனின் சுவட்டைத் தேடுகிறான். அப்பாட்டனாகிய இசுதாக்கின் கதை 1984-இல் 'போ-ஆன்' என வெளிவந்தது. அவன் குடும்பத்தார் ஊரை விட்டோடுங்கால் தம் குடிப்பெயரையே மாற்றிக்கொள்கின்றனர். அவன் 1899-இல் திராத் கணவாய்ப் போரில் மடிகிறான். காலத்தால் முந்திய கதை பின்னரே எழுதப்பட்டமை கருதத்தக்கது. பேரன் தேடிய பின்னரே பாட்டன் தோன்றுகிறான்.

வாக்கீன் இழந்ததை நினைக்கிறார். ஓசே எழுதப்படாததை நினைக்கிறார். வாக்கீனின் துயரம் பொய்யன்று. 1945-ஆம் ஆண்டுப் போரில் பழைய மணிலா அழிந்தது வரலாறு. ஆயினும், ஒரு குடியின் நினைவை நாட்டின் நினைவாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதே நம் துணிபு. இலோக்கானோ மொழி பேசிய உழவனின் நினைவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. அதனால் அவன் பெற்றது யாது, இழந்தது யாது என்பது மேலும் ஆராய்தற்குரியது.